உன் மேனேஜரின் படத்துக்குக் கீழே நான் எழுதியது

கதிர்,

நீ கேட்டு மூன்று நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அம்மா, என் ப்ரொஃபைல்ல வலிப்பைப் பத்தி ஒரு வரி போடலாம்னு இருக்கேன். போடவா, வேணாமா?" என்று கேட்டாய். ரசத்தை மூடி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ரசம் மூடித்தான் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது நீ லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்திருந்தாய். மறுபடி நீ கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை கேட்பதற்கே உனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை நீ புது வேலைக்கு ஹைதராபாத் கிளம்புகிறாய். இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். இந்தப் பரபரப்புக்கு நடுவில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச நம் இருவருக்கும் வாய் வராது என்பதால், பள்ளிக்கூட அலுவலக மேசையில் மதிய இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் இந்த மேசையில் எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொன்னதைத்தான். மாற்றுச் சான்றிதழ், பணிப்பதிவேடு, விடுப்பு விண்ணப்பம், கருவூலத்துக்குக் கடிதம். நானாக யோசித்து, நானாக எழுதி, நாலு பேர் பார்க்கும்படி வைத்தது ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று உனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நீ கேட்கிற நிலையில் இல்லை, நான் சொல்கிற நிலையிலும் இல்லை. இப்போது இரண்டு பேருமே கொஞ்சம் ஓய்ந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பழையதிலிருந்தே தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பில், நான் வேலை பார்க்கும் இதே பள்ளியில், காலை வழிபாட்டில் வெயிலில் வரிசையில் நின்றிருந்த நீ விழுந்தாய். யாரோ ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் வருவதற்குள் உன் கையில் சைக்கிள் சாவியைத் திணித்திருந்தார்கள். உன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அத்தனை பிள்ளைகளும் வாத்தியார்களும் சுற்றி நிற்க, நான் சொன்ன முதல் வார்த்தை, "காலையில சாப்பிடாம வந்துட்டான், அதான் மயக்கம்" என்பது. நீ அன்றைக்கு நாலு இட்லி சாப்பிட்டிருந்தாய். நான்தான் வைத்தேன். டாக்டர் வலிப்புதான் என்று சொன்ன பிறகும் உன் விடுப்புக் கடிதங்களில் 'பித்த மயக்கம்' என்றே எழுதினேன். என் கையெழுத்து எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஒரு பையன் உன்னைப் பார்த்துக் கையைக் காலை இழுத்துக் காட்டினான் என்று நீ அழுதபோது, வருஷ நடுவில் உன்னைத் திருநகரில் வேறு பள்ளிக்கு மாற்றினேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் அந்தப் பள்ளியின் ஒரே சிறப்பு. விளாங்குடி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனாய். மாத்திரையைச் சாப்பாட்டு டப்பா மூடிக்குள் ஒட்டி அனுப்பினேன். யாரும் பார்க்காமல் முழுங்கு என்றேன். மறைப்பதை நீயாகக் கற்றுக்கொள்ளவில்லை கதிர். பதினோரு வயதிலிருந்து உனக்கு அதைப் பாடம் நடத்தியது நான்.

அப்போதெல்லாம் அப்பா, தான் வேலை பார்க்கும் செல்லூர்ப் பட்டறைக்குள் உன்னை விட்டதே இல்லை. சின்ன வயதில் லேத் சுற்றுவதைப் பார்க்க உனக்கு அத்தனை ஆசை. "மிஷின் பக்கத்துல இவன் விழுந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தியா?" என்று என்னிடம் சொல்லுவார். உன்னிடம், "அங்க எண்ணெய்ப் பிசுக்குடா, சட்டை கெட்டுப்போகும்" என்பார். அப்படித்தான் நீ கம்ப்யூட்டர் பக்கம் வந்தாய். அதுதான் கீழே விழுந்தாலும் அடிபடாத தொழில் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். உன்னைக் கேட்கவில்லை.

பெங்களூரில் வேலை கிடைத்தபோது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் அந்த விண்ணப்பத்தை நிரப்பினாய். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, தொடர் சிகிச்சை எதுவும் உண்டான்னு கேட்டிருக்கான்" என்றாய்.

"இல்லைன்னு போடு."

"பொய்யில்லையா அது?"

"ரெண்டு வருஷமா வரவே இல்லைல்ல? வராதது இல்லாததுதானே?"

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாய். மாத்திரை அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அந்த டிக் உன்னுடைய கையால் விழுந்தது என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். நம் இரண்டு பேருக்குத்தான் அது யாருடைய கை என்று தெரியும்.

நீ போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று எழுதி உன்னைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. வாரத்துக்கு ஒரு போன். "சாப்டியா, மாத்திரை போட்டியா?" என்று நான். "ம்" என்று நீ. அவ்வளவுதான் உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது. அப்போது எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் சுமதிதான் ஒருநாள், "அக்கா, உங்க பையன் நம்மகிட்டப் பேசாட்டியும் அந்த உத்தியோகக்காரங்க இணையத் தளத்துல நல்லாப் பேசுறான் பாருங்க" என்று அவள் போனைக் காட்டினாள். நீ கோட்டு போட்ட படம் இருந்தது. கோட்டு எப்போது வாங்கினாய் என்றே எனக்குத் தெரியாது. கீழே நீ ஏதோ பரீட்சை பாஸ் செய்த செய்தி, யாரோ கை தட்டுகிற பொம்மைகள். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாததெல்லாம் நூற்றுக்கணக்கான பேருக்குத் தெரிந்திருந்தது. "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடி" என்றேன். "இது உத்தியோகத்துல இருக்கறவங்களுக்குக்கா" என்றாள். "அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன் இங்க?" என்றதும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். என் அண்ணன் பேத்தியின் காதுகுத்தில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டினாள். அதில் என் தோளில் வேறு யாருடைய கையோ இருக்கும். 'இளநிலை உதவியாளர், அரசு உதவி பெறும் பள்ளி' என்று எழுதினோம். உனக்குத்தான் முதல் அழைப்பு அனுப்பினேன். "அம்மா, நீ இங்க என்ன பண்ற!" என்று நீ போன் போட்டுச் சிரித்தாய். அந்த வருஷத்தில் நீ வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சாப்பாட்டோடு உன்னைப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. நீ எழுதுவது பாதி புரியாது. படம் இருந்தால் பெரிதாக்கிப் பார்ப்பேன். இளைத்திருக்கிறானா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா, இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. உன்னோடு வேலை பார்ப்பவர்கள், உன் மேனேஜர், எல்லாரையும் பின்தொடர்ந்தேன். அவர்கள் போடும் படங்களில் எங்காவது ஓரத்தில் நீ இருப்பாய்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. தயிர் சாதத்தை ஒரு கை பிசைந்திருந்தேன். உன் மேனேஜர் ஒரு படம் போட்டிருந்தார். ஏழெட்டுப் பேர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று கட்டை விரலைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி. மூன்று ராத்திரி கண் மூடாமல் வேலையை முடித்த என் வீரர்கள், இவர்களுக்குத் தூக்கமே தேவையில்லை என்று. நீ வலது ஓரத்தில் இருந்தாய். சிரிக்கவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. டாக்டர் உன் பதினோரு வயதிலிருந்து ஒவ்வொரு தடவையும் சீட்டு எழுதி முடித்துச் சொல்லும் ஒரே வாக்கியம் எனக்குக் காதில் கேட்டது. என்ன வேண்டுமானாலும் செய்யலாம், தூக்கம் மட்டும் கெடக்கூடாது. உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இடது கையில் போனை வைத்துக்கொண்டு, சாதம் ஒட்டிய வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தப் படத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்.

'சார் வணக்கம். நான் கதிரோட அம்மா மதுரையில் இருந்து எழுதுறேன். பிள்ளைக்குப் பதினோரு வயசிலேர்ந்து வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுறான். தூக்கம் முழிச்சா வந்துரும். அவன் உங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டான். தயவுசெய்து ராத்திரி வேலை குடுக்காதீங்க சார். உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்.'

அதை எழுதி அனுப்பியதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மீதிச் சாதத்தைச் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது, யாரிடமாவது தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன். தொட்டால் எந்த மொழியையும் ஆங்கிலமாக மாற்றிக் காட்டும் வசதி அங்கே உண்டென்று எனக்குத் தெரியாது. நான் ஒரு ஆளிடம் சொல்கிறேன் என்று நினைத்து எழுதினேன். பணிப்பதிவேடு என்றால் பீரோவுக்குள் இருக்கும், சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

நாலேகாலுக்கு நீ கூப்பிட்டாய். "அம்மா, என்ன எழுதி வச்சிருக்க? அழி. இப்பவே அழி."

"என்னய்யா ஆச்சு? உன் நல்லதுக்குத்தானே..."

"ஆபீஸ் பூரா படிச்சுட்டாங்கம்மா. அழி முதல்ல!"

எனக்கு எழுதத் தெரிந்ததே தவிர அழிக்கத் தெரியவில்லை. சுமதி கருவூலத்துக்குப் போயிருந்தாள், போன் எடுக்கவில்லை. எங்கே தொட்டாலும் வேறு எதுவோ திறந்தது. திறக்கும்போதெல்லாம் கீழே புதிதாக யாரோ கை கூப்பும் பொம்மையும் இதயப் பொம்மையும் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லாமலே வெளியே வந்து, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, இதைக் கொஞ்சம் அழிச்சுக் குடுங்கண்ணே" என்று நீட்டினேன். அவர் வாங்கி, முழுவதையும் ஒருமுறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதையெல்லாமா போடுவாங்க?" என்றுதான் கேட்டார். இரண்டு இடத்தில் தொட்டார், போய்விட்டது. அது அவ்வளவு சின்ன வேலை. அதற்குள் ஐந்து மணி ஆகியிருந்தது. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

அந்த மூன்று ராத்திரியும் உனக்கு வலிப்பு வரவில்லை கதிர். வலிப்பு வந்திருந்தால்கூட அந்த அறையில் இருந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரிந்திருக்கும்.

உன் மேனேஜர் நல்லவிதமாகத்தான் பேசினார் என்று நீ அப்பாவிடம் சொன்னாய். உடம்பைப் பார்த்துக்கொள் என்றாராம். அடுத்த வாரம் ராத்திரி வேலையிலிருந்து எடுத்தார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம், நான் எழுதியது வேலை செய்கிறது என்று. அதற்கடுத்த மாதம் அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டு, யாரோ எழுதிய குறிப்புகளைச் சரிபார்க்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஜெர்மனிக்கு அனுப்ப வைத்திருந்த பட்டியலில் உன் பெயர் இருந்தது, பிறகு இல்லை. யாரும் அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. பிறகு ஒருநாள் பணியாளர் பிரிவிலிருந்து கூப்பிட்டு, நீ டிக் அடித்த அந்தப் பழைய விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். உண்மையை மறைத்துச் சேர்ந்திருக்கிறீர்கள், நாங்கள் நடவடிக்கை எடுப்பதற்கு முன்னால் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்களாம். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் உன்னை இறக்கிக் கூட்டி வந்தது அப்பா. நான் வாசலில் நின்றேன். "வாய்யா" என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாய்.

ஒன்பது மாதம். ஒரே ஒரு தடவை தவிர என்னிடம் நீ நேராகப் பேசவில்லை. "அப்பா, தண்ணி வேணும்" என்பாய், தண்ணீர்க் குடம் என் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் அப்பாவிடம் அழுதேன். அவர் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "இந்தா பாரு, நீ செஞ்சது தப்பு" என்றார். "ஆனா நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். எனக்கு எழுதத் தெரியாது, அதான் தப்பிச்சேன்." முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

அந்த மாதங்களில் கோயம்புத்தூரில் ஒரு நேர்முகத்துக்குப் போனாய். நன்றாகவே செய்ததாக அப்பாவிடம் சொன்னாய். கடைசியில் கேட்டவர் எழுந்து கை கொடுத்து, "இப்ப உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டாராம். நீ உடம்பைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் உன் பழைய மேனேஜரோடு அந்தத் தளத்தில் தொடர்பில் இருந்தவர். செல்போன் கடைக்காரர் அழித்தது திரையில் இருந்ததை. படித்தவர்கள் மனதில் இருந்ததை யார் அழிப்பது? அந்த வேலையும் வரவில்லை. அன்றைக்குத்தான் நீ உன் ப்ரொஃபைலையே மொத்தமாக எடுத்துவிட்டாய். கோட்டுப் படமும் போனது. எனக்கு உன்னைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னல் அதுதான், ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, முதன்முதலாக என்னிடம் நேராக வந்தாய். கையில் லேப்டாப். புதிதாக ப்ரொஃபைல் ஆரம்பித்திருந்தாய். அதில் போட ஒரு பக்கம் எழுதியிருந்தாய். எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, நான் இன்னின்ன வேலை செய்திருக்கிறேன் என்று. "படிச்சுப் பாரும்மா" என்றாய். நான் மெதுவாகப் படித்தேன். படித்து முடித்ததும், "வேணாம்யா, நாளைக்குப் பொண்ணு யாரு குடுப்பா?" என்றேன். நீ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஊருக்கே சொன்னவள் நான். நீயாகச் சொல்ல வந்தபோது தடுத்தவளும் நான். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்துகொண்டு கேஸ் அடுப்பைத் துடைத்தேன்.

நம் ஊர் கே.கே. நகரில் அந்தச் சின்ன ஆபீசில் உனக்கு வேலை கிடைத்ததற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை. பதினான்கு பேர் வேலை பார்க்கும் இடம். நேர்முகத்தில் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொன்னாய் என்று பிறகுதான் தெரிந்தது. முதலாளி, "நம்மகிட்ட ராத்திரி வேலை கிடையாது தம்பி. பக்கத்து சீட்டுக்காரனுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துருங்க" என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் நீ அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் மறு அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாக நான் பூட்டுப் போட்டு வைத்திருந்ததை ஒரு மனிதர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. களைப்பாக இருந்தது. மடித்த துணியின் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டேன்.

அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தாய். இரண்டு தடவை வலிப்பு வந்தது, ஒரு தடவை ஆபீசிலேயே. பக்கத்து சீட்டுப் பையன் உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பார்த்து, விழித்ததும் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் கொண்டு வந்து விட்டுப் போனான். "டீ குடிச்சுட்டுப் போப்பா" என்றேன். "இல்லம்மா, வேலை கிடக்கு, வாரேன்" என்று போய்விட்டான். மறுநாள் நீ வேலைக்குப் போனாய். யாரும் உன்னை வேறு மேசைக்கு மாற்றவில்லை.

இப்போது ஹைதராபாத்காரர்கள் உன் ப்ரொஃபைலைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்றாய். போன வாரம் நீ வெளியே போயிருந்தபோது நானும் திறந்து பார்த்தேன். கோபப்படாதே, எதுவும் எழுதவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வீட்டில் இருந்த அந்த ஒன்பது மாதத்துக்கு நேரே காலியாக விட்டிருக்கிறாய். அப்போது செல்லூர்ப் பட்டறைக்கு பில் போடுகிற புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, அதை ஏன் போடவில்லை? அப்பாவின் முதலாளி இன்றைக்கும் அதில்தான் பில் போடுகிறார். அதற்காகத்தான் அப்பா உன்னை முதல்முறை பட்டறைக்குள் கூட்டிப்போனார். அதைப் போடு. அது உண்மை. 'துடிப்பான, வேகமான' என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாய், அது வேண்டாம். நீ நிதானமானவன், உன்னோடு வேலை பார்த்த எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். கோபத்தில் எதையும் அங்கே எழுதாதே. பயத்தில் அதைவிட எழுதாதே. எதிரே உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அங்கே போய்ச் சொல்லாதே. நான் சொல்லிக் கொடுப்பதாக நினைக்காதே, நான் செய்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

வலிப்பைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. போடு என்றால், பார்த்து ஒதுக்குகிறவர்கள் ஒதுக்குவார்கள், ஏன் கூப்பிடவில்லை என்று உனக்குத் தெரியவே தெரியாது. போடாதே என்றால், அந்தச் சாப்பாட்டு மேசையில் மறுபடி நான் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகும். உன் விஷயத்தில் 'இல்லை' என்று எழுத வைத்ததும் நான், 'உண்டு' என்று எழுதியதும் நான். எனக்கு அலுத்துவிட்டது அய்யா. மூன்றாவது தடவை என்னைக் கேட்காதே.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். இப்படியே மடித்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். இன்றைக்குக் காலையில் நீ குளிக்கப் போயிருந்தபோது உன் போன் அடித்தது. விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"ஹலோ, கதிருங்களா?" ஒரு பெண் குரல்.

"குளிக்கிறான்மா. நான் அவங்க அம்மா."

"ஆன்ட்டி, வணக்கம். நான் ஹைதராபாத் ஆபீஸ்ல அவர் சேரப்போற டீம்ல இருக்கேன். சொந்த ஊரு தேனிப் பக்கம். அவர் சாப்பிடுற மாத்திரை இங்க கிடைக்குமான்னு கேட்டிருந்தாரு. விசாரிச்சேன், கிடைக்குது. ஆனா டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்க மாட்டாங்களாம். மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க ஆன்ட்டி."

"உங்களுக்கு... தெரியுமாம்மா?"

"தெரியும் ஆன்ட்டி. ஆர்டர் வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. திடீர்னு வந்தா என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதி எங்களுக்கெல்லாம் அனுப்பிருக்காரு. நான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். நீங்க பயப்படாதீங்க."

சரிம்மா, சொல்கிறேன் என்றேன். பெயரைக் கேட்டேன். சொன்னாள். உள்ளே நீ தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் அனுமதி கேட்டாய் என்று இத்தனை நாளாக மனசைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். நீ எப்போதோ சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி முடித்திருக்கிறாய். என்னையும் சேர்த்துக்கொள்ளத்தான் கேட்டிருக்கிறாய், நான் ரசத்தை மூடப் போய்விட்டேன்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. காட்டினால் படிப்பேன். இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன்.

பள்ளிக்கு வந்து மேசையில் உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். அந்தத் தளத்தில் அவள் பெயரைத் தட்டினால் படம் வரும், படித்த ஊர் வரும், யார் யாரோடு பழக்கம் என்பதும் வரும். முதல் இரண்டு எழுத்து தட்டினேன். பிறகு அழித்தேன். அழிக்க இப்போது எனக்குத் தெரியும்.

டாக்டர் சீட்டை உன் பையின் முன் ஜிப்பில் வைத்திருக்கிறேன். ஒரு நகலும் இருக்கிறது.

அம்மா